அக்காவுக்கு வரைந்த பட்டை

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் அம்மா சொல்லும் பதில் ஒன்றுதான். "உலகத்துல யார் யாரு எவ்ளோ பொகை உடறாங்கன்னு எண்ணுறா." புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க இந்தச் செய்தி பரவியிருக்கிறது. எதிர்வீட்டில் குப்பையைக் கொளுத்தினால் பக்கத்து வீட்டுக்காரி நேராக என்னிடம் வந்து முறையிடுவாள், நான் என்னவோ புகைக்கு இன்ஸ்பெக்டர் போல. நானும் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்டுக்கொள்வேன். அதற்கு மேல் எனக்கு அதிகாரம் இல்லை.

அம்மா சொல்வதும் தப்பில்லை. ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். நாடுகள் தங்கள் புகைக் கணக்கை வெளியிடும்போது ஆளுக்கொரு மாதிரி எழுதுகின்றன. ஒன்று டன்னில் எழுதும், இன்னொன்று ஆயிரம் டன்னில் எழுதும். ஒன்று புகையில் உள்ள கரியை மட்டும் எடைபோடும், இன்னொன்று வாயு முழுவதையும் எடைபோடும். நெல்வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனுக்கு ஒரு நாடு கட்டத்தைக் காலியாக விடும், இன்னொரு நாடு பூஜ்யம் போடும். பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தோம், இல்லை என்று அர்த்தம். காலி என்றால் எண்ணவே இல்லை என்று அர்த்தம். தெரியாமல் காலிக் கட்டத்தில் பூஜ்யத்தைப் போட்டுவிட்டால், எண்ணாமல் விட்ட நாடு நல்ல பிள்ளையாகிவிடும். இப்படிப்பட்டவற்றையெல்லாம் சரிபார்த்து ஒரே அச்சில் கொண்டுவருவது எங்கள் வேலை. பிறகு அதை வைத்துக்கொண்டு யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது.

பிரெஞ்சு தெரிந்ததால் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. அப்பா மில் தொழிலாளி. அக்காவைத் தமிழ்ப் பள்ளியில் போட்டவர், என் முறை வந்தபோது யாரோ சொன்னதைக் கேட்டு பிரெஞ்சு சொல்லித்தரும் அரசுப் பள்ளியில் சேர்த்தார். நான் வினைச்சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்த வயதில், ஒரு கல்யாணத்தில் அக்காவைப் பார்த்துவிட்டு ஒரு சொல்தா குடும்பம் பெண் கேட்டு வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பையனுக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது என்றால் எங்கள் ஊரில் வேறு எதுவும் விசாரிக்க மாட்டார்கள். ஆக, பிரெஞ்சு படித்தவள் நான், பிரான்சுக்குப் போனவள் அக்கா. இதைச் சிரித்துக்கொண்டேதான் எல்லோரிடமும் சொல்வேன். அந்தச் சிரிப்பு அவ்வளவு சுத்தமானது இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்கா வருவாள். இரண்டு வாரம் இருப்பாள். சென்ட் வாசனையும் சாக்லேட்டுமாக வீடு களைகட்டும். வருடம் முழுக்க மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் நான், அந்த இரண்டு வாரமும் அம்மாவின் வாயில் வருவது "பெரியவ, பெரியவ". சின்னவளுக்கு அடுப்படி.

கமா விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் எண்ணுக்கு நடுவில் புள்ளி வைப்பதில்லை. நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் கமா போடுவார்கள். பள்ளியில் எங்கள் டீச்சர் அதை விர்குல், விர்குல் என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார். நமக்கோ கமா என்பது லட்சத்தையும் ஆயிரத்தையும் பிரிப்பதற்கு வைத்திருப்பது. அதனால் பிரெஞ்சில் எழுதும் நாட்டின் கோப்பு வந்தால், கம்ப்யூட்டர் எந்த ஊர் முறையில் இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். நம் ஊர் முறையில் இருந்தால் அது கமாவை வேண்டாத தூசி என்று நினைத்துத் தட்டிவிடும். இரண்டு பக்கத்து எண்களும் ஒட்டிக்கொள்ளும், 1,8 என்பது 18 ஆகி கணக்கு பத்து மடங்காகும். இதில் நான் கில்லாடி என்று பெயர். எதையும் இரண்டுமுறை பார்க்காமல் அனுப்பமாட்டேன். அலுவலகத்தில் எனக்கு 'ரெண்டு வாட்டி மேடம்' என்றே பட்டம்.

ஒரு வருடம் தீபாவளி சமயத்தில் அம்மாவுக்குக் கண்ணில் பிரச்சினை ஆரம்பித்தது. "எதைப் பாத்தாலும் நடுவுல யாரோ கட்டைவிரலை வச்சா மாதிரி இருக்குது" என்றாள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டிருக்கிறது, ஊசி போட்டுப் பார்க்கலாம், ஆனால் பெரிதாக நம்பிக்கை வைக்கவேண்டாம் என்றார். ஓரப் பார்வை நிற்குமாம். சுவரில் மோதாமல் நடக்கலாம், ஆனால் முகம் தெரியாது. திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா கேட்டாள்.

"பொங்கலுக்குள்ள போயிடாதுல்ல?"

"போவாதும்மா."

"பெரியவ மொகத்தை ஒருவாட்டி நல்லா பாத்துக்கறேன். அப்புறம் போனா போவட்டும். நீ அவகிட்ட ஒண்ணும் சொல்லாத, பதறிப்போவா. எப்படியும் வரத்தான போறா."

என் முகத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் பார்க்கும் முகம்தானே. எனக்குச் சுருக்கென்றது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடியோவில் வந்தாள். எனக்குப் பின்னால் ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் குப்பைப் புகை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பிடித்துக்கொண்டாள். அவர்கள் ஊரில் கண்ணாடிக்கு ஒரு தொட்டி, காகிதத்துக்கு ஒரு தொட்டி, காய்கறித் தோலுக்கு ஒரு தொட்டி. கொஞ்ச நாளாகவே அவளுக்கு இதில் பக்தி முற்றியிருந்தது. அந்தத் தெருக்காரர்களோடு சேர்ந்து கூட்டமெல்லாம் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, நீ அந்த வேலைதான பாக்கற? ஒனக்கே தெரியும்ல? நெலக்கரி எரிக்கறது பூரா நீங்கதான். படத்துல பாத்தேன், இந்தியாவோட கோடு மேல மேல போய்கினே இருக்குது."

"மொத்தமா பாத்தா அப்படித்தான் இருக்கும். தலைக்குப் போட்டுப் பாருக்கா."

"எப்படிப் போட்டாலும் பொகை பொகைதான?"

இங்கேதான் எனக்கு வாய் நீண்டது. இருபது பேர் சாப்பிடும் வீட்டில் அரிசி அதிகம் ஆகும், அதற்காக அவர்களைப் பெருந்தீனிக்காரர்கள் என்று சொல்வாயா என்று கேட்டேன். மொத்தத்தை ஆட்களால் வகுத்துப் பார், உங்கள் ஊர்க்காரர் ஒருவர் விடும் புகை எங்கள் ஊர்க்காரர் விடுவதைவிட அதிகம் என்றேன். அதோடு விட்டேனா? தலைக்கு என்று வகுப்பதிலும் ஏமாற்று உண்டு என்று தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் கனகசெட்டிக்குளத்தை இழுத்தேன். நம் எல்லையில் பெட்ரோல் விலை குறைவு என்பதால் தமிழ்நாட்டு வண்டிகள் வரிசையில் நின்று டேங்கை ரொப்பிக்கொண்டு போகின்றன. விற்பது இங்கே, எரிவது அங்கே. விற்றதை மட்டும் எண்ணினால் புதுச்சேரிக்காரன் பெட்ரோலைக் குடிக்கிறான் என்று கணக்கு வரும். அதேபோல உனக்குத் துணி தைக்கிற புகை ஏதோ ஒரு ஏழை நாட்டுக் கணக்கில் ஏறுகிறது, நீ தொட்டியில் தோலைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புண்ணியவதி ஆகிவிடுகிறாய் என்றேன். நன்றாகத்தான் பேசினேன். ஒவ்வொன்றும் உண்மைதான்.

அக்கா, "அதெல்லாம் கெடக்கட்டும். அம்மாவுக்கு ஏன் இன்னும் ஏசி போடல? பணம் அனுப்பறேன்னு சொன்னன்ல? அந்த ரூம்ல அவங்க வெந்துகினு இருக்காங்க" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏசி வேண்டாம், காலெல்லாம் பிடித்துக்கொள்கிறது என்று சொன்னதே அம்மாதான். கூட இருந்து பார்க்கிறவள் ஒருத்தி, கடல் தாண்டி உட்கார்ந்து குறை சொல்கிறவள் இன்னொருத்தி. போனை வைத்த கையோடு வீட்டு லேப்டாப்பைத் திறந்தேன். வரைபடமாக மூன்று பட்டைகள் வரைந்தேன். முதலாவது, இந்தியாவில் ஒருவர் ஒரு வருடம் விடும் புகை. இரண்டாவது, பிரான்சில் ஒருவர் விடுவது. மூன்றாவது, அக்கா பொங்கலுக்கு விமானத்தில் வந்து போவதால் ஆகும் புகை. மூன்றாவது எண்ணை ஒரு பிரெஞ்சு இணையதளத்திலிருந்து எடுத்துப் போட்டேன். மற்ற இரண்டையும் குட்டையாக்கிவிட்டு மூன்றாவது பட்டை விறுவிறுவென்று உச்சிக்குப் போய் நின்றது. அதற்குக் கீழே 'அக்காவின் பொங்கல்' என்று எழுதி அவளுக்கு அனுப்பினேன்.

அந்தப் பட்டையைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இனிப்புச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

அவள் திட்டுவாள், நான் திருப்பித் திட்டுவேன், பொங்கலுக்கு வந்ததும் இருவரும் சிரிப்போம் என்றுதான் நினைத்திருந்தேன். மறுநாள் மாலை ஒரே ஒரு செய்தி வந்தது. "நீ சொன்னது சரி. இவ்ளோன்னு எனக்குத் தெரியாது. டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டேன். அடுத்த வருஷம் பாக்கலாம்."

அப்போதே நான் போனை எடுத்து, அக்கா, அம்மாவின் கண் போய்க்கொண்டிருக்கிறது, கிளம்பி வா என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லாதே என்று அம்மாதானே சொன்னாள், அவள் பேச்சை மீறலாமா என்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டேன். உண்மையில் நான் மீற மறுத்தது அம்மாவின் பேச்சை இல்லை. என் பட்டையை நானே இறக்கவேண்டி வருமே என்று கௌரவம் பார்த்தேன். இவளுக்கு நான் இறங்கிப்போவதா என்ற வீம்பு. அம்மாவின் கண்ணைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

வரவில்லை என்று அம்மாவிடம் அக்காவே போனில் சொன்னாள். அம்மா அழவில்லை. "சரிம்மா, ஒடம்பைப் பாத்துக்க" என்றாள். அடுத்த நாள் காய்கறி வண்டிக்காரர் வழக்கம்போல், "பெரிய பொண்ணு எப்பம்மா வருது?" என்று கேட்டார். நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வருஷம் வரலப்பா" என்றாள் அம்மா. "அவ வந்தா உலகத்துக்குக் கெடுதலாம். சின்னவதான் கணக்குப் போட்டுப் பாத்துச் சொன்னா."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு அழுதேன்.

பொங்கலன்று அக்கா வீடியோவில் வந்தாள். அம்மா போனைக் கன்னத்துக்கு அருகில் கொண்டுபோய், கோழி பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "நல்லா தெரியுதுடி, நல்லா தெரியுது" என்றாள். போன் திரையில் அப்போது தெரிந்தது அக்காவின் முகம் இல்லை. அக்கா எழுந்து அடுப்பை அணைக்கப் போயிருந்தாள். அங்கே இருந்தது ஒரு காலி நாற்காலி.

மாசி மாதத்தில் ஒருநாள் அலுவலகத்தில் எதிர்மேசைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "மேடம், நீங்க அனுப்புன ஃபைல்ல ஒரு நாட்டுல மாடெல்லாம் ஒரே வருஷத்துல இப்படி ஏப்பம் விட்டிருக்குதே. அந்த ஊர் மாட்டுக்கு இன்னா பத்து வயிறா?" பிரெஞ்சில் எழுதும் ஒரு ஆப்பிரிக்க நாட்டின் கோப்பு அது. மழை நாளில் வீட்டிலிருந்து செய்து அனுப்பியது. மாடு ஏப்பத்தில் விடும் மீத்தேன் வரிசையில் ஒரு வருடம் மட்டும் பத்து மடங்கு. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. அலுவலகத்துக் கம்ப்யூட்டர் பிரெஞ்சு முறையில் இருக்கிறது. வீட்டு லேப்டாப் நம் ஊர் முறையில் இருக்கிறது. நான் கையால் தட்டிச் சேர்த்த அந்த ஒரு எண்ணில் கமா உதிர்ந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். 'ரெண்டு வாட்டி மேடமே' என்று கைதட்டினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போதுதான், அக்காவின் பட்டையை எந்த லேப்டாப்பில் வரைந்தோம் என்று நினைவு வந்தது.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கோப்பைத் திறந்தேன். கமா இல்லை. அந்த இடத்தில் புள்ளி வைத்தேன். உச்சியில் நின்ற பட்டை சர்ரென்று இறங்கியது. சின்னதாகிவிடவில்லை, அதையும் சொல்லவேண்டும். நம்மூர்க்காரர் ஒருவரின் ஒரு வருடப் பட்டையைவிடக் கொஞ்சம் கீழே நின்றது. வெட்கப்பட வேண்டிய உயரம்தான். ஆனால் ஒரு தாயைப் பார்க்க வராமல் இருப்பதற்கான உயரம் இல்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. எல்லை தாண்டிப் பறக்கும் விமானத்தின் புகையை எந்த நாடும் தன் கூட்டலில் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு நாட்டுக் கோப்பிலும் கடைசியில் தனியாக எழுதி வைத்திருப்பார்கள், மொத்தத்தில் ஏறாது. தினமும் என் கையால் தள்ளிவைக்கிற வரி அது. நாடுகளே தங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாததை நான் என் அக்காவின் தலையில் ஏற்றியிருக்கிறேன், அதுவும் பத்து மடங்காக.

ஊர் உலகத்து மாட்டு ஏப்பத்தையெல்லாம் இரண்டுமுறை பார்க்கிறவள் இதை ஏன் பார்க்கவில்லை? எனக்கு வேண்டிய எண் வந்துவிட்டது, அதனால் பார்க்கவில்லை. பிடிக்காத எண் வந்தால்தான் நாம் மறுபடி பார்க்கிறோம். பிடித்த எண்ணை அப்படியே விழுங்கிவிடுகிறோம்.

சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அந்தப் படம் தப்பு. பத்து பங்கு ஜாஸ்தியா போட்டுட்டேன். எண்ணுல கமா வுட்டுப்போச்சு."

"நீதான் எல்லாத்தையும் ரெண்டு வாட்டி பாப்பியே?"

"இதைப் பாக்கலக்கா."

"ஏன்?"

அதற்குப் பதில் அவளுக்கே தெரிந்திருக்கவேண்டும், அக்கா அல்லவா. "சரி வுடு, சரியான கணக்கும் ஒண்ணும் கம்மியா இருக்காது" என்று அவளே எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள். அந்த ஆறுதலைத் தாங்க முடியாமல் அம்மாவின் கண் விஷயத்தைக் கொட்டிவிட்டேன். தீபாவளியிலிருந்தே தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "தெரிஞ்சிதான் அந்தப் படத்தை அனுப்பனியா?" என்றாள். "ஆமா" என்றேன். போன் கட்டாகிவிட்டது.

பங்குனியில் அக்கா வந்தாள். சாக்லேட் இல்லை, சென்ட் இல்லை, ஒரே ஒரு பெட்டி. என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அம்மாவின் கட்டிலுக்குப் போய், காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அதற்குள் அம்மாவின் கண்ணில் அந்தக் கட்டைவிரல் உள்ளங்கை அளவுக்கு ஆகியிருந்தது. அம்மா தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். கையை நீட்டி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியவளே, புடவையா கட்டியிருக்க?"

அக்கா ஜீன்ஸ் போட்டிருந்தாள். "ஆமாம்மா" என்றாள்.

நான் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். என்னை அங்கேயே நிற்கவைத்துவிட்டு அவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அதுதான் நியாயமும்கூட. ஆனால் அம்மா கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"சின்னவளே, அங்கதான நிக்கற? இங்க வா. எனக்குச் சரியாத் தெரியல. நீதான் எல்லாத்தையும் பாத்து அளந்து சொல்றவளாச்சே. சொல்லு, இவ மொகம் எப்படி இருக்குது?"

அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முடி நரைத்திருக்கிறது, சாயம் போடுவதை விட்டுவிட்டாள் என்றேன். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது என்றேன். மூக்குத்தியைக் கழற்றவில்லை, நீ போட்ட அதே மூக்குத்தி என்றேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"சிரிக்கறாளா?" என்றாள்.

சிரிக்கிறாள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அம்மாவுக்கு வேண்டிய பதில் அது, எனக்கும் வேண்டிய பதில் அதுவே. வாயை மூடிக்கொண்டு அக்காவின் முகத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

"அழுவறாம்மா" என்றேன்.